சோலோவுக்கு எழுந்த கூச்சல்

அசரியா,

மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்கோங்க. நான் கேளம்பாக்கம் அக்கா வீட்டுக்குப் போறேன். வெளிய போனா சாவியை எதிர் வீட்டு சரிதாகிட்ட குடுத்துடுங்க.

பதினொரு மணிக்கு ஸ்டெபின் வருவார். உங்க மெட்டல் பேண்டோட பழைய கச்சேரிகளை லைவ் ஆல்பமா போட கேசட் கேட்டாரே, பெட்டி வாசல்ல இருக்கு.

நேத்து அவர் முன்னாடி, "சர்ச் கொயர்ல பாடுறவளுக்கு மெட்டல் பத்தி என்ன தெரியும்"னு சிரிச்சீங்க. அதான் காலையில உட்கார்ந்து அந்தக் காலேஜ் கச்சேரியை முழுசா கேட்டேன். உங்க கிட்டார் சோலோவுக்குக் கூட்டமே எழுந்து கத்துச்சு, நானும் அதுலதான் விழுந்தேன்னு இருபது வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்க. அன்னிக்கு மேடையில சோலோ நடுவுல கரண்ட் போயிடுச்சு. பதிவு பண்ணது பேட்டரி டேப்ரெக்கார்டர்ல, அதனால எல்லாம் பதிவாகியிருக்கு. கூட்டம் கத்துனது கரண்ட் திரும்பி வந்ததுக்கு.

ஸ்டெபின்கிட்ட போன்ல சொல்லிட்டேன். வெட்டாம அப்படியே முதல் பாட்டா போடறாராம்.

கிறிஸ்டி

தயிர் புளிச்சிருக்கும், ஊத்திக்காதீங்க.

இன்னொண்ணு. கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணு "போதும், நிறுத்துய்யா"னு கத்துறது தெளிவா கேக்கும். அது நான்தான்.