சாத்தனுக்குச் சீழ் பிடிக்கவில்லை

ஜூலை 6, 2025. ஞாயிறு

காலையிலிருந்தே தூறல். அடித்து வைத்த பேலட், சரக்கு அடுக்கும் மரச்சட்டம், எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் டீ குடித்தேன். மரம் நனைந்தால் இரண்டு நாள் வேலை வீண்.

பத்து மணிக்கு வழக்கம்போல ஹரீஷ்குமார், ரஞ்சிதா, இளம்பரிதி மூவரும் யார்டுக்கு வந்தார்கள். ஞாயிறு ரம்பம் ஓடாது. ஆபீஸ் அறையில் பழைய பேலட் பலகையில் நானே அடித்த பெரிய மேசை. மதியம் இரண்டு வரை ஆட்டம்: ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. நடத்துவது ஹரீஷ்.

சாத்தனுக்கு இன்று ஏழாவது காயம். ஆட்டத்தில் சாத்தன் நான்தான். வறட்டாறு நாட்டில் உப்பு வண்டி ஓட்டுகிறவன். கணவாயில் வழிமறித்தவன் தோளில் வெட்டிவிட்டான். சீழ் பிடிக்கிறதா என்று பார்க்க ஹரீஷ் அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். குனிந்து பார்த்தான்.

"ஒன்னும் இல்லண்ணா. ஆறிடுச்சு."

ஏழு காயம். ஏழும் ஆறிவிட்டது.

அந்த விதியை எழுதியவனே நான்தான். நாங்கள் வைத்து ஆரம்பித்த வெளிநாட்டு விதிப் புத்தகத்தில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் எந்த வெட்டும் ஆறிவிடும். ஹரீஷ் படித்துக் காட்டியபோது சிரிப்பு வந்தது. 2016-இல் ரம்பத்தில் என் வலது கையில் இரண்டு விரல் போனது. நாற்பத்திரண்டு நாள் சீழ். நானும் தினமும் தூங்கித்தான் எழுந்தேன். அதனால் எங்கள் நாட்டுக்கு வேறு விதி: காயம் பட்ட மூன்றாம் நாள் ஆறு முகப் பகடை. ஒன்று விழுந்தால் உயிர் போகும். இரண்டு விழுந்தால் கையோ காலோ போகும். மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்தான்.

காயம்பட்டவனுக்கு மூன்றாம் நாளே எதுவும் தெரியாது, அதனால் மறைத்துத்தான் உருட்டவேண்டும் என்றது ஹரீஷ். அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

ரஞ்சிதாவின் மாசிக்கு இடது கால் போய்விட்டது. இளம்பரிதியின் வேடன் ஜூன் மாதம் செத்தான். சாத்தன் மட்டும் குண்டுக்கல் மாதிரி நிற்கிறான்.

ஏன்?

ஜூலை 7, திங்கள்

ஹரீஷின் பகடையை நேற்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டம்ளர் தண்ணீரில் உப்பை அள்ளிக் கரைத்து அதை மிதக்கவிட்டேன். ஒரு பக்கம் கனம் வைத்திருந்தால் ஒரே முகம்தான் மேலே வந்து நிற்கும். இருபது தடவை தட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகம். பகடை சுத்தம்.

என் மனைவி மங்கம்மா பார்த்துக்கொண்டே போனாள். "பொண்ணு கட்டிக் குடுக்குற வயசுல தாய விளையாட்டு. அதுக்குக் குளியல் வேற."

அப்படியானால் கோளாறு கையில்.

ஜூலை 9, புதன்

இந்த ஹரீஷ் என்னை ஆட்டத்துக்கு எதற்குக் கூப்பிட்டான்? இன்று லோடு இறக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹரீஷ் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறான். வெளியிலிருந்து வரும் சரக்கைப் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் அவன் வேலை. இன்ஜின் பாகத்தை அடுக்கித் தூக்குவதற்கு அந்தக் கம்பெனிக்கு மரச்சட்டம் அனுப்புகிறவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பேலட்டில் அறுபதை ஒரே நாளில் தள்ளினான். சண்டைக்குத்தான் போனேன். நான் கத்தி முடிக்கும்வரை சும்மா நின்றான். அப்புறம் கேட்டான்: "அண்ணா, நீங்க முன்ன மாட்டுச் சந்தையில தரகு பண்ணீங்களாமே. உப்பு ஏத்துன மாட்டு வண்டி ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போகும்?"

எனக்குப் பதில் தெரியும். அதுதான் வினை.

அப்படி ஆரம்பித்ததுதான். புத்தகத்தில் முந்நூற்றுச் சொச்சம் மந்திரம் இருந்தது. அடித்து அடித்து மூன்றை மட்டும் விட்டோம்: மழை சொல்வது, ரத்தம் நிறுத்துவது, பொய்யை மோப்பம் பிடிப்பது. எதைச் செய்தாலும் செய்தவன் தன்னிடமிருந்து ஒன்றை இழக்கவேண்டும். பேரத்துக்குப் புத்தகத்தில் ஒரு பகடை, அவ்வளவுதான். அதைத் தூக்கிவிட்டுத் துண்டைக் கொண்டுவந்தேன். சந்தையில் செய்கிறமாதிரி, இரண்டு பேர் கையும் துண்டுக்குள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

ஒருத்தன் நமக்கு எடையைக் கூட்டிப் போட்டால், பின்னால் எதையோ கேட்கப் போகிறான். இவன் என்ன கேட்கப் போகிறான்?

கேட்டுத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. என்னிடம் வாங்கவும் விற்கவும் இல்லாமல் என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில்தான். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறதென்றால் அப்புறம் எங்கே போவது?

ஜூலை 13, ஞாயிறு

சோதித்துப் பார்த்துவிட்டேன்.

சாத்தனை வேண்டுமென்றே தனியாக, காவல் இல்லாமல், மழையில் கல்குவாரி வழியாக ஓட்டினேன். "லூசாண்ணா நீங்க?" என்றாள் ரஞ்சிதா. நினைத்ததுபோலவே சரிந்த கல்லில் தொடை கிழிந்தது. எட்டாவது காயம். ரஞ்சிதாவின் மாசி ரத்தம் நிறுத்தும் மந்திரம் போட முன்வந்தாள். அதற்கு விலை, அவளுக்குத் தன் அம்மாவின் முகம் மறந்துபோகும். வேண்டாம் என்றேன். உண்மையாகவே மறந்துவிடுவாள்போல ரஞ்சிதா முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹரீஷ் உருட்டினான். இந்தத் தடவை நான் பகடையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தேன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வரைக்கும் தரகன் மாட்டைப் பார்க்கமாட்டான், விற்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான். ஹரீஷ் எச்சில் விழுங்கினான்.

"ஆய்து ணா" என்றான். ஆயிற்று, ஆறிவிட்டது என்று. பதறினால் இவனுக்குக் கன்னடம் வந்துவிடும்.

கிளம்பும்போது ரஞ்சிதாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். பர்கூர் காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். எட்டுத் தடவை உருட்டி ஒருமுறைகூட ஒன்றோ இரண்டோ விழாமலிருக்க எவ்வளவு வாய்ப்பு? போனில் தட்டிப் பார்த்தாள். "நூத்துக்கு நாலு. யாருக்குண்ணா?"

"ஒரு சரக்குக்கு" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

இத்தனை நாள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று பழைய டெலிவரிச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பிப்ரவரியிலிருந்து ஹரீஷ் கம்பெனியிலிருந்து ஒரு பேலட்கூடத் திரும்பவில்லை. ஒன்றுகூட இல்லை. சாத்தனுக்கு முதல் காயம் பட்டதும் பிப்ரவரி.

என் மரம் சுத்தமாக இருப்பதால் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஆணியை மாற்றினேன், மரத்தைக் கூடுதலாக நான்கு நாள் காயவிட்டேன், ரப்பர் மரத்துக்கு மாறினேன். மங்கம்மாவிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

மேசையில் எனக்காகப் பகடையை மாற்றிச் சொல்கிறவன், கம்பெனியில் என் பேலட்டை மட்டும் ஒழுங்காகவா பார்ப்பான்? பாவம், விரல் போனவன், போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தால்?

எவன் தயவும் இல்லாம வந்தவன்டா நான். சந்தையில சாணி மிதிச்சு, ஒத்த ரம்பத்த வச்சு வந்தவன். எனக்கு நீ பாவம் பாக்குறியா?

ஜூலை 16, புதன்

ஹரீஷ் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஜூலை 19, சனி

செய்துவிட்டேன். சரியா என்று தெரியவில்லை.

இன்று ஹரீஷ் கம்பெனிக்கு இருநூற்றிருபது பேலட் போகவேண்டும். அதில் பதினொன்று கெட்டது. நானே பொறுக்கினேன்: கட்டை விரிசல் விட்டது நான்கு, ஆணி தளர்ந்தது ஐந்து, ஈரம் காயாதது இரண்டு. அடுக்குகளின் நடுவே ஒவ்வொன்றாகச் சொருகினேன். யார்டைப் பார்த்துக்கொள்ளும் ஆஞ்சப்பன் பக்கத்தில் வந்து நின்றான். "மொதலாளி, அது ஓரமா ஒதுக்குன மரமாச்சே." எனக்குத் தெரியும், ஏற்று என்றேன். இருபது வருஷத்தில் நான் தெரிந்து கெட்ட சரக்கு அனுப்பியதில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

சனிக்கிழமை வரும் சரக்கைத் திங்கள்கிழமைதான் பார்ப்பார்கள். அதுவரை தொடமாட்டார்கள். பாஸ் ஆகிவிட்டால் நானே போய் அந்தப் பதினொன்றையும் தூக்கிவந்துவிடுவேன். அதன்மேல் எண்ணூறு கிலோ ஏற விடமாட்டேன்.

ஆனால் அதோடு ஹரீஷும் முடிந்தான். மேசையும் முடிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

போகாமலிருக்கலாம் என்று நினைத்தேன். என் யார்டில் நடக்கிற ஆட்டத்துக்கு நான் எங்கே போகாமலிருப்பது.

பதினோரு கெட்ட மரம் அவன் கம்பெனியில் கிடக்கிறது, அவனுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து எனக்கு வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக் கொடுக்கிறான்.

சாத்தன் ஒரு ஊர்த் தலைவனிடம் உப்பு விற்கவேண்டும். தலைவன் வாயிலும் ஹரீஷ்தான் பேசுவான். துண்டை எடுத்துப் போட்டேன். இரண்டு பேர் கையும் உள்ளே போனது. என் வலது கையில் மூன்று விரல்தான், ஆனால் நான் கேட்கவிருந்ததற்கு அது போதும்.

"புது சரக்கு வேணாம்" என்றேன். "பிப்ரவரி சரக்குக்குச் சொல்லு. மொத மூட்டை. உள்ளது உள்ளபடி புடி."

ரஞ்சிதாவும் இளம்பரிதியும் உப்பைத்தான் பேசுகிறேன் என்று நினைத்தார்கள். ஹரீஷுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"பேட ணா" என்றான். வேண்டாம் என்று. "பேட."

காத்திருந்தேன். சந்தையில் காத்திருப்பவன்தான் ஜெயிப்பான். துண்டுக்குள் அவன் கை வேர்த்திருந்தது. கடைசியில் என் கட்டைவிரலை மட்டும் பிடித்தான். ஒன்று.

சாத்தன் பிப்ரவரியிலேயே செத்துவிட்டான். ஐந்து மாதமாக நான் ஒரு பிணத்தை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மேசையில் போட்டு உடைக்கத்தான் வந்தேன். அவன் கையை விடும்போது வாய் வரவில்லை. துண்டுக்குள் பேசியதைத் துண்டுக்கு வெளியே சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் மற்ற இருவரிடமும், "பேரம் படியல. சாத்தன் சரிஞ்சுட்டான். தொடைக் காயத்துக்கு இன்னைக்குத்தான் சீழ் தெரியுது" என்றேன். ரஞ்சிதா விதியைப் புரட்டினாள், மூன்றாம் நாள் தாண்டி எப்படி என்றாள். விதியை எழுதியவன் நான்தான் என்றேன். சாத்தனின் தாளில் குறுக்கே கோடு போட்டேன்.

அவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போன பிறகு ஹரீஷ் மட்டும் நின்றான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"மொத காயத்துக்கு ஒன்னு விழுந்துச்சு. நீங்க அப்போ உங்க கையப் பாத்தீங்க ணா. ஆறிடுச்சுன்னு சொல்லிட்டேன். சொல்லியும் நீங்க ரெண்டு ஞாயிறு வர்ல. செத்துட்டான்னு சொல்லியிருந்தா வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எப்ப கெட்டது விழுந்தாலும் மாத்திச் சொல்லிட்டேன்."

"எத்தனை தடவ?"

"மூணு. மத்ததெல்லாம் நெஜமாவே ஆறுச்சு."

அந்த இரண்டு ஞாயிறும் நான் ரப்பர் மரம் வாங்கக் கேரளா போயிருந்தேன், சாவி ஆஞ்சப்பனிடம் இருந்தது. அதைச் சொன்னேன். "மரம் வாங்கவா?" என்றான். சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

இங்கே எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. மரம் முதல் வாரமே வந்து இறங்கிவிட்டது. இரண்டாவது ஞாயிறு நான் ஓசூரில்தான் இருந்தேன். யார்டில் அவர்கள் மூவரும் உட்கார்ந்திருக்க, கெலவரப்பள்ளி அணைப்பக்கம் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். எதற்கு?

சாத்தன் செத்தால் நான் வரமாட்டேன் என்று அவன் கண்டுபிடித்தது சரியாகவே இருக்கட்டும். அதற்காகப் பொய் சொல்லலாமா? இனிமேல் உருட்டுவது மேசை நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் என்றேன். சரி என்று அட்டை மறைப்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

பேலட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நல்ல மனசுக்காரன் என்பது தெரிந்துவிட்டது. என் பயமே அதுதான்.

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து போனை மேசைமேலேயே வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டுக்கும் வரவில்லை. சின்ன வண்டியை நானே எடுத்து வாசலில் நிறுத்தினேன், அங்கே போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு.

மூன்றே முக்காலுக்கு ஹரீஷ் கூப்பிட்டான். ஆபீஸ் குரல்.

"அண்ணா, உங்க யார்டுல கண்ணு தெரியாத ஆள் யாரையாச்சும் புதுசா சேத்தீங்களா?"

"ஏன்?"

"ரிஜெக்ட் ஆயிருக்கு. நடு அடுக்குல எல்லாம் குப்ப மரம். உங்க கிட்ட இத எதிர்பாக்கல ணா. வண்டி அனுப்புங்க."

"எத்தன?"

"பதினொன்னு."

"சரியா எண்ணுனியா?"

"ரெண்டு தடவ. இன்னொரு வாட்டி இப்டி வந்தா மேல எழுதி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்."

அனுப்பு என்றேன்.

நானே போய் எடுத்து வந்தேன். பதினொன்றிலும் சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறி. ஈரம் காயாததையும் விடவில்லை, அது மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னேன். ஆஞ்சப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரக்கு திரும்பி வந்ததுக்கு டீ வாங்கிக் குடுக்குற மொதலாளிய இப்பத்தான் பாக்கறேன்."

பன்னும் சேர்த்து வாங்கச் சொன்னேன்.