ஏரி வண்டி பெட்ரோல் கக்கிய புரட்டாசி

புரட்டாசி 6, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் லாரி வந்தது, டிரம் நிரம்பியது. எதிர்வீட்டு சுசீலா கொலு வைத்திருக்கிறாள். சுண்டல் கொண்டுவந்தாள். உப்பே இல்லை. போன வருஷமும் இல்லை.

சுண்டலோடு கேள்வியும் வந்தது. "ரவிக்கு இன்னுமா லீவு, அம்மா?" ஆடியிலிருந்து இதையே கேட்கிறாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். சிறுசேரி கம்பெனியில் என் மகனுக்கு வேலை போன விஷயம் இந்தத் தெருவில் முதலில் தெரிந்ததே அவளுக்குத்தான். கிண்ணத்தைக் கழுவி வெறும் கிண்ணமாகவே திருப்பிக் கொடுத்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடவில்லை.

இன்றைக்கு எழுத வேண்டியது அதுவல்ல. ரவி தானாகக் கீழே இறங்கி வந்தான்.

ஆடியிலிருந்து அவனுக்கு மாடி அறை, ஃபேன், சுவர், அவ்வளவுதான். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவான். பேசினால் "ம்". வாசல் கேட்டைத் தாண்டவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்று மருமகள் கவிதா கெஞ்சினாள், அதற்கும் "ம்". நாற்பத்தேழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டா போக முடியும்.

வந்தவன் படிக்கட்டுக்குக் கீழே இருந்த தார்ப்பாயை இழுத்தான். ஏரி வண்டி. என் வீட்டுக்காரர் வண்டி. நன்றாக இருந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை மட்கார்டு வெட்டி, சைலன்சரை மேலே தூக்கி, பட்டன் டயர் மாட்டி, வற்றிய ஏரிக்குள் மேடு பள்ளம் தாண்ட ஓட்டுவார். ரவி வயிற்றில் இருக்கும்போது முழங்கையை உடைத்துக்கொண்டு வந்து சிரித்தபடி நின்றார். அதை நான் மன்னிக்கவில்லை. அவர் போன பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி.

சீட்டைத் தட்டினான். கரப்பான் ஓடியது.

"பூஜைக்குள்ள ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமாம்மா?"

எத்தனை நாள் கழித்து ஒரு முழு வாக்கியம். பண்ணுடா என்றேன். அடுப்பில் பால் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

புரட்டாசி 7, செவ்வாய்

வெயில். மாவு அரைத்தது. ஆட்டுக்கல் இருந்தால் இந்த மாவு வேறு மாதிரி இருக்கும். நான் காஞ்சிபுரம் போயிருந்தபோது கவிதா அதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ரவி டேங்கைக் கழுவினான். டீ நிறத்தில் துருத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையனிடம் பெட்ரோல் வாங்கிவரச் சொல்லி, ஆயில் கலந்து ஊற்றினான். இந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. உதைத்தான். பெட்ரோல் டேப்பை இப்படியும் அப்படியும் திருப்பி, உதைத்துக்கொண்டே இருந்தான். வண்டி இருமக்கூட இல்லை. கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் கொட்டியது, குழாய் மாதிரி.

என்னடா இது என்றேன்.

"கீழ கிண்ணம் மாதிரி இருக்கும்மா. பெட்ரோல் நிறைஞ்சா உள்ள இருக்கற மிதவை மேல வரும். அது ஊசியத் தள்ளி வழிய அடைக்கும். இப்ப அடைக்க மாட்டேங்குது."

"மாடித் தொட்டியில பந்து இருக்கே, அது மாதிரி?"

"அதேதாம்மா."

பந்து கெட்டால் தொட்டி வழியும். இதிலும் வழிகிறது. புரிந்தது.

சாயந்திரம் கவிதா ஸ்கூலிலிருந்து வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள். "அத்தை, இந்தப் பக்கம் சிலிண்டர், அந்தப் பக்கம் பெட்ரோல்! ரெண்டு பேரும் என்னதான் நெனச்சிட்டிருக்கீங்க?" கத்திவிட்டு அவன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கிரீஸ். கைப்பையைக்கூட இறக்காமல் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஆட்டுக்கல் கணக்கு தனி. ஆனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 8, புதன்

மேகம். கால் வீக்கம். மாத்திரை தீர்ந்தது, சொல்ல வேண்டும்.

மெக்கானிக் செல்வம் வந்தான். நல்லவன். இவன் அப்பாதான் அந்தக் காலத்தில் அவருடைய முழங்கைக்கு மாவுக்கட்டு போட அழைத்துப் போனவர். கழற்றினான், ஊதினான், புது ஊசி மாட்டினான். கொட்டியது. மறுபடி கழற்றி, ஊசி உட்காரும் இடத்தைத் தேய்த்தான். கொட்டியது.

"இன்னா சார் இது, ரொம்ப பேஜாரா கீது. இத்தப் பாத்துகினு குந்தினா நம்ம பொயப்பு போயிரும். பேசாம எடைக்குப் போட்டுடு சார்."

"வேற கார்ப்பரேட்டர் கிடைக்குமா?"

"எங்க சார் கெடிக்கும்? வண்டியே மியூசியத்துல கீது."

சிரிக்கத்தான் சொன்னான். ரவி கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டான். சாப்பிடக் கூப்பிட்டேன். "ம்."

செல்வத்தின் மேல் கோபம் இல்லை. இந்த இரும்பை நம்பித்தான் ரவி எழுந்தான். இது ஓடாவிட்டால் படுத்துவிடுவான். மறுபடி எழுப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை.

புரட்டாசி 9, வியாழன்

விடிந்ததும் வீடு முழுக்கப் பெட்ரோல் நாற்றம். படிக்கட்டுக்குக் கீழே குளம். டேங்க் காலி. விளக்கேற்றவில்லை, சாமி மன்னிக்கட்டும்.

கவிதா மாடியைப் பார்த்துக் கத்தினாள். "டேப்ப மூடலையாங்க?"

"மூடிட்டுத்தான் படுத்தேன். சத்தியமா மூடினேன்." மேலிருந்து, செத்த குரலில்.

தரையைத் துடைக்கும்போது எனக்கு மாணிக்கம் ஞாபகம் வந்தது. மாணிக்கம் என் கொழுந்தன், கோவிலம்பாக்கத்தில் இருக்கிறான். கல்யாணமான புதிதில் ஒரே வீடு. அவர் தூங்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு போய், டேங்கைக் காலி செய்து கொண்டுவந்து நிறுத்துவான். கேட்டால் சிரிப்பான். ஒருநாள் அவர் பெட்ரோல் டேப்பின் கைப்பிடியைக் கழற்றி, திருப்பி மாட்டிவிட்டார். திறந்தால் மூடும், மூடினால் திறக்கும். தெரியாதவன் எடுத்தால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். மாணிக்கம் மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டே வந்தான். அந்த எரிச்சலில் நான் வைத்த வஞ்சிரக் குழம்பை "நாத்தம்" என்று சொல்லித் தட்டைத் தள்ளினான். வஞ்சிரத்தை! அந்தத் தட்டு சுவரில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கால் வீக்கத்தோடு மாடி ஏறினேன். சொன்னேன்.

ரவி எழுந்து உட்கார்ந்தான். "அப்ப தொறந்து வெச்சிட்டு ராத்திரி பூரா தூங்கியிருக்கேன்." போர்வையை விலக்கினான். "வஞ்சிரமாம்மா?"

"வஞ்சிரம்டா."

சிரித்தான். ஆடிக்குப் பிறகு முதல் சிரிப்பு. அப்படியே கீழே இறங்கி வந்தான்.

மாணிக்கம் திருடாமல் இருந்திருந்தால் இது எனக்கு ஞாபகம் இருந்திருக்காது. அதற்காக அவனுக்கு நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன்.

ராத்திரி ஒழுகுவது நின்றது. ஆனால் டேப்பைத் திறந்தால் கிண்ணம் வழிகிறது. பாதிதான் தீர்ந்திருக்கிறது.

புரட்டாசி 11, சனி

இரண்டாவது சனிக்கிழமை. பெருமாளுக்கு மாவிளக்கு. துளசி, எதிர்வீட்டுச் செடியிலிருந்து, கேட்காமல்.

ரவி சமையல்கட்டில் நின்றான். என் தோசைக்கல்லின் மேல் ஸ்பார்க் பிளக். நனைந்துபோனதைக் காய வைக்கிறானாம். அவன் அப்பாவும் இதையேதான் செய்வார். நான் வாயைத் திறக்குமுன் கவிதா வந்துவிட்டாள்.

"சனிக்கிழமை அதுவுமா தோசக்கல்லுல பிளக்கா? வெளிய போங்க மொதல்ல!"

"ரெண்டு நிமிஷம்டி."

"அத்தை, நீங்களும் பாத்துட்டு நிக்கறீங்களே!"

பிளக்கோடு பெட்ரோலில் கழுவிய சாமானையும் ஒரு தட்டில் மேடைமேல் வைத்திருந்தான். கவிதா தட்டை நகர்த்தினாள். அதில் ஒரு பித்தளை டப்பி, எலுமிச்சம்பழம் அளவு. அதுதான் மிதவை. கையில் எடுத்தவள் முகம் மாறியது. காதருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். பூஜைக்குத் தேங்காய் வாங்கும்போது குலுக்குவாளே, அதே மாதிரி.

"ஏங்க, இதுக்குள்ள தண்ணி ஆடுது."

ரவி வாங்கிக் குலுக்கினான். எனக்குக் கொடுத்தான். நானும் குலுக்கினேன். களக் களக்.

மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தால் எப்படி மிதக்கும்? மூழ்கித்தான் கிடக்கும். ஊசியைத் தள்ளாது. கிண்ணம் வழியும். செல்வம் ஊசியையே பார்த்தான், நாங்களும் அதையே பார்த்தோம். இதை யாரும் காதில் வைக்கவில்லை.

ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கவிதா வெந்நீரைப் பின்பக்கம் கொண்டுபோய், திறந்தவெளியில் வைத்து அதில் டப்பியை அமுக்கிப் பிடித்தாள். சைக்கிள் டியூப் பார்ப்பது போல. மூன்று தலையும் பாத்திரத்துக்கு மேல். மூட்டு ஓரத்திலிருந்து கடுகு மாதிரி குமிழி குமிழியாக வந்தது.

"அதோ! அதோ!" ரவி கத்தினான். கவிதா அவன் முதுகில் ஒரு அடி போட்டாள், சந்தோஷத்தில்.

பிறகுதான் கவனித்தேன், அது என் பால் பாத்திரம். பெருமாளே, நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்.

புரட்டாசி 12, ஞாயிறு

நல்ல வெயில். டப்பியை ஓட்டை கீழே பார்க்கும்படி மொட்டைமாடியில் வைத்தது. உள்ளே இருப்பது சொட்டிக் காய வேண்டும். ரவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கா ஓட்டினான். கவிதா மோர் கொண்டுபோனாள். இறங்கி வர வெகு நேரம் ஆனது.

பால் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. போகட்டும்.

புரட்டாசி 13, திங்கள்

தூறல். பிறகு வெயில்.

ஓட்டையை அடைக்க யார்? செல்வத்திடம் இருக்கும் பற்றவைக்கும் கருவி பெரியது, டப்பியே உருகிவிடும் என்று அவனே போனில் சொன்னான். கொஞ்சம் ஈயம் அதிகமானாலும் கனத்து மறுபடி மூழ்கும். மூக்குத்தி திருகாணிக்குப் பற்றவைப்பது மாதிரி வைக்க வேண்டும். மூக்குத்தி என்றதும் நான் மார்க்கெட் தெரு பத்தரைச் சொன்னேன். கூட யார் வருவது? கவிதாவுக்கு ஸ்கூல். ரவி கேட்டருகே நின்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ஆட்டோவில் அவன் தலை குனிந்தே இருந்தது.

பத்தர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கம் வெல ஏறிக்கினே கீது, நீ இன்னாம்மா பித்தளைய தூக்கிகினு வந்துகீற?"

"பித்தளைதான் எங்களுக்கு இப்ப தங்கம். செய்வீங்களா மாட்டீங்களா?"

"கோச்சிக்காத, குந்து." மோந்து பார்த்தார். வாசனை போய்விட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஊதுகுழலை எடுத்தார். பேச்சுவாக்கில் ரவியைக் கேட்டார்: "இன்னா சார், இன்னிக்கு லீவா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதானே மாடியில் கிடந்தான்.

"லீவு இல்லண்ணா. வேலை போயிடுச்சு. ஆடியில."

"அப்படியா." பத்தர் ஈயத்துளியை இடுக்கியில் எடுத்தார். "அந்த லைட்டக் கொஞ்சம் இப்டி சாச்சிப் புடி சார்."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ரவி விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். பத்தர் அரம் போட்டு மிச்சத்தைத் தேய்த்து, டம்ளர் தண்ணீரில் போட்டார். மிதந்தது.

பத்தர் நல்லா இருக்கணும். அவர் பிள்ளை குட்டிகள் நல்லா இருக்கணும். என் வளையலில் தங்கத்தைச் சுரண்டி இளைத்துக் கொடுத்தது இவர் அண்ணன்தான், அதை இவர்மேல் வைக்கக் கூடாது. இன்றோடு அந்தக் கணக்கை எடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றான்.

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

காலையில் பொரி, கடலை, வாழைப்பழம், பூசணி. கிரைண்டர், மிக்சி, கவிதாவின் ஸ்கூட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு. ஏரி வண்டிக்கு அவர் படத்துக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை.

டேப்பைத் "மூடி"த் திறந்தான். மூன்று பேரும் குனிந்து கிண்ணத்துக்குக் கீழே பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். இல்லை. உதைத்தான். இருமியது. மறுபடி உதைத்தான். பிடித்துக்கொண்டது!

தெரு முழுக்கப் புகை. சுசீலா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். "என்னம்மா இது, கொசு மருந்து வண்டியா?"

"இல்ல சுசீலா, என் பையனுக்கு வேல போயிடுச்சு. அவன் அப்பா வண்டிய ரெடி பண்ணியிருக்கான்." நானே சொன்னேன். திரும்பி அவள் வீட்டுக்குள் போனாள். இன்று அவள் சுண்டலில் உப்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினான். "ஏரி வரைக்கும்தாம்மா."

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. பெரிய மழை. வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கவிதா கேட்டருகே, குடை இல்லாமல். நான் பக்கத்தில். இரண்டு பேரும் ஏரி என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அதே நினைப்பு. ஆடியிலிருந்து இருக்கிற பயம், அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று. என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளாகப் பிடித்தது இல்லை. கை சில்லென்று இருந்தது. நான் விடவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. டர்ரென்று, தெருக் கோடியில். கவிதா அழுதுவிட்டாள். நான் இல்லை, எனக்கு மழைத் தண்ணீர்.

தலை முதல் கால் வரை சேறு. ஒரு முறை விழுந்தானாம், பெருமையாகச் சொல்கிறான். அப்படியே நடந்து உள்ளே வந்துவிட்டான், பூஜைக்குத் துடைத்துக் கோலம் போட்ட தரையில். இப்போது கூடத்தில் சண்டை.

"கண்ணு தெரியலையா? காலையில இருந்து முதுகு ஒடியத் தொடச்சிருக்கேன்!"

"தொடச்சா மறுபடி தொடைக்கலாம்டி, என்ன இப்போ?"

"நீங்க தொடைங்க!"

"நான் ஏன் தொடைக்கணும்?"

அவனும் விடவில்லை. அவளும் விடவில்லை. டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.