மேல் தட்டில் இருந்த பேணி

நேற்று மாலை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வாசலில் நின்ற ஒருவர் என் கையில் கடதாசிக் கப் ஒன்றைத் தந்தார். கோப்பியின் மணத்தோடு சூட்டில் இளகிய கடதாசியின் மணமும் வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். போன இலையுதிர் காலத்தில் உன்னை வழியனுப்பிவிட்டு வந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் நான் தைரியசாலியாகத்தான் திரிகிறேன். ஒரு கடதாசிக் கப்புக்கு முன்னால் அந்தத் தைரியம் நிற்கவில்லை.

என்ன கூட்டம் என்று கேட்பாய். நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு என் மகளின் பள்ளிக்கூடத்தில் இன்னமும் தனி வகுப்புத்தான். அடுத்த ஆண்டிலிருந்து அவர்களை எல்லாரோடும் கலந்து இருத்தப்போவதாக அதிபர் சொன்னார். பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்றும் சொன்னார். கருத்துக்கா பஞ்சம்? பக்கத்துக் கதிரையில் இருந்த தமிழர் என் காதோடு, "எங்கட பிள்ளையள் இப்பதான் முன்னுக்கு வருகினம். இதுகளைக் கொண்டுவந்து கலந்தால் படிப்புக் குழம்பிப்போகும், தங்கச்சி" என்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். எந்தப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்தவரோ தெரியாது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பதில் நம்மவர்களை யாரும் வெல்ல முடியாது.

நம்முடைய கீழ்த்தளம் உனக்கு நினைவிருக்கும். கியூபெக்குக்கு வந்த புதிதில் நாம் இருந்த கோட்-டே-நேஜில் அந்தப் பழைய பள்ளிக்கூடம், கொதிநீர்க் குழாய்கள் முனகும் வகுப்பறை, தலைக்கு மேலே ஒரு சின்ன யன்னல். அதில் மற்றப் பிள்ளைகளின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். நமக்குத் தனி இடைவேளை, தனிச் சாப்பாட்டு நேரம். கரும்பலகையைப் பார்த்துப் பிரெஞ்சு எழுதினோம். நமக்குள் தமிழில் கதைத்தோம். சுகமாகத்தான் இருந்தது. நான் அங்கேயே இருந்துவிடச் சம்மதித்திருப்பேன்.

அடுத்த ஆண்டு நம்மை மேல்மாடிக்கு அனுப்பி, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே பிரித்து இருத்தினார்கள். மேலே இருந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் பிடிக்கவில்லை, நம்முடைய பெற்றோருக்கும் பிடிக்கவில்லை. முதல் நாள் நான் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ நேரே போய் முன்வரிசையில் இருந்தாய். உன் பக்கத்தில் இருந்த கியூபெக் சிறுமி மேசையின் நடுவே சோக்கட்டியால் ஒரு கோடு கீறினாள். நீ அதைக் கையால் அழித்தாய். அவள் மறுபடி கீறினாள். மார்கழி வருவதற்குள் அவளோடு சண்டை பிடித்தே நீ பிரெஞ்சு பேசப் பழகிவிட்டாய். "சண்டை பிடிக்காமல் பாஷை வராது, எடி" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னாய். தைப்பனியில் அவளுடைய கையுறைகளில் ஒன்று உன் கையில் இருந்தது.

ஏன் எப்போதும் முன்வரிசை என்று உன்னிடம் ஒருநாள் கேட்டேன். "அப்பா சொன்னவர். அவர் ஊரில நிலத்தில இருந்துதான் படிச்சவராம். மற்றவை வாங்கில. அதாலதான் என்னை வாங்கில, அதுவும் முன் வாங்கில இருக்கச் சொன்னவர்" என்றாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருப்பதற்கு வாங்குப் பலகைகள் போதவில்லையாக்கும் என்று நினைத்தேன். பாவம் அந்த மாமா என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். சோற்றுக்குள் கை வைத்திருந்த அம்மா அப்படியே நிறுத்தினார். நிலத்தில் இருத்தப்பட்டவர்கள் யார் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத்தான் சாதி என்ற சொல்லே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நீ படிக்க வந்தபோது எனக்கு எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணி வந்தது. உனக்குக் கடதாசிக் கப்பில். என் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியது, பலூன் படம் போட்டது. "பேணி கிடக்குத்தானே அம்மா?" என்றேன். "கதையாமல் குடி" என்றார் அம்மா. நீ என்னைப் பார்க்கவில்லை. ஆறுதலாகக் குடித்து முடித்தாய். பிறகு எழுந்து போய் அந்தக் கடதாசிக் கப்பைக் கழுவி, துடைத்து, பேணிகளோடு பேணியாகக் கவிழ்த்து வைத்தாய். நீ போனதும் அம்மா அதை எடுத்துக் குப்பையில் போட்டார். அதற்கடுத்த சனியும் அதே தேத்தண்ணி, அதே கழுவல், அதே குப்பை. நான் அழுதபோது நீதான் சிரித்தாய். "கப் எல்லாம் முடியட்டும் பாப்பம்."

கப் முடிவதற்கு முன் வேறொன்று நடந்தது. அம்மா அப்போது தையல் தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையால் வந்தவர் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். அங்கே சாப்பாட்டறையில் எல்லாரும் பாவிக்கும் மைக்ரோவேவை இனித் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கறி மணக்கிறதாம். நடைபாதையின் கடைசியில் பழைய மைக்ரோவேவ் ஒன்று வைத்து, அம்மாவுக்கு அதுதான் என்று காட்டினார்களாம். "நாங்கள் என்ன மனிசர் இல்லையே? சாப்பாட்டைச் சூடாக்கிற பெட்டியில கூடவே எனக்குத் தனி?" என்று கேட்டார். நீயும் அங்கேதான் இருந்தாய். வேலைக்குப் போகுமுன் அம்மா உனக்கென்று எடுத்து வைத்த, பலூன் படம் போட்ட கப் உன் கையில் இருந்தது. அம்மாவின் கண் அதில் போய் நின்றது. அவர் அழுகையை நிறுத்திவிட்டு மேலங்கியைக் கழற்றப் போனார்.

அடுத்த கிழமை உனக்குப் பேணியில் தேத்தண்ணி வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நீ போன பிறகு அம்மா அந்தப் பேணியைக் கழுவி, மற்றவற்றோடு வைக்காமல், மேல் தட்டில் தனியே வைத்தார். மனிதர் ஒரே நாளில் திருந்துவது கதைகளில்தான். உனக்கு அதுவும் தெரிந்துபோயிற்று. உனக்கு எதுதான் தெரியாமல் போனது? "கடதாசியில இருந்து எவர்சில்வருக்கு வந்திட்டன். இனித் தட்டு மாறினாச் சரி" என்றாய்.

தட்டு மாறவில்லை. நாம் பெரியவர்களானோம். நீ டோர்வல் விமான நிலையத்தில் வேலைக்குப் போனாய். எனக்குக் கலியாணமாகி, அம்மாவும் என்னோடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்கு வந்தார். அந்தப் பேணிகளும் வந்தன. வேலை முடிந்து வரும் வழியில் நீ வருவாய். "அன்ரி, சுகமோ?" என்று கேட்டுக்கொண்டே மேல் தட்டை எட்டி உன் பேணியை நீயே எடுப்பாய். அம்மா உனக்குப் பிடித்த வடையைச் சுட்டுத் தருவார், உனக்கு நோய்வருத்தம் என்றால் கோயிலில் நேர்த்தி வைப்பார், ஆனால் பேணி மட்டும் மேல் தட்டுக்கே போகும். நான் சண்டைக்குப் போனால், "விடு. அவ மெல்ல வருவா" என்பாய். இத்தனை பொறுமை எனக்குப் பிடித்ததே இல்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

நேற்று அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். எனக்கு மேடைப்பேச்சு வராதென்று உனக்குத் தெரியும். நானும் கீழ்த்தளத்துப் பிள்ளைதான் என்றேன். மேலே வந்த முதல் மாதங்கள் கடினம், அதை மறைக்கமாட்டேன் என்றேன். மேசையில் கோடு கீறியவளும் அதை அழித்தவளும் கடைசியில் ஒரு சோடிக் கையுறையைப் பங்கிட்டுக்கொண்டதைச் சொன்னேன். தனியே வைத்திருந்தால் அந்தக் கோட்டைக் கீறவும் ஆளில்லை, அழிக்கவும் ஆளில்லை என்றேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் கைபேசியைப் பார்த்தார்கள். பக்கத்துக் கதிரைத் தமிழர், கூட்டம் முடிந்து எழும்பும்போது, "நானும் கீழதான் படிச்சனான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உன் பேணியில் ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும் போல இருந்தது. மேல் தட்டை எட்டித் தடவினேன். வெறுமையாக இருந்தது.

"அம்மா, அவளின்ர பேணி எங்க?"

"எல்லாத்தோடயும் வைச்சிட்டன்" என்றார், கதிரையில் இருந்தபடியே. உன் செத்தவீட்டுக்குப் போய்வந்த அன்றே வைத்துவிட்டாராம்.

"இதில எது அவளின்ர?"

"தெரியேல்லை, பிள்ளை. எல்லாம் ஒரே மாதிரித்தானே."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. உன்னுடையதென்று என்னிடம் இருந்த ஒரே பொருள் அது. "அவள் உயிரோட இருக்கேக்க செய்திருக்கலாமே அம்மா!" என்று கத்திவிட்டேன்.

அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். "செய்திருக்கலாம்."

பேணிகளை எல்லாம் இறக்கி மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நெளிவு, ஒரு கீறல், ஏதாவது இருக்காதா என்று தேடினேன். எல்லாம் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. கடைசியில் கைக்கு வந்த இரண்டை எடுத்து, எனக்கும் அம்மாவுக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

இன்று காலையும் அப்படித்தான். எது கையில் வந்தாலும் உன்னுடையதாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் குடிக்கிறேன். அம்மாவும் வாய் வைப்பதற்கு முன் பேணியை ஒருமுறை பார்க்கிறார். பிறகு குடிக்கிறார்.