வெள்ளிக்கிழமை வரைக்கும் இரு, தங்கம்

தி. நகர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள தங்கத்துக்கு,

உன் வீட்டுக்காரன் வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாய், அது எனக்குத் தெரியவா போகிறது? தொண்டையில் ஆபரேஷன் ஆனவள் பேசக் கூடாதாம். ஃபோனில் நான் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறேன், மெக்ஸிகோவிலிருந்து நீ மூச்சு விடும் சத்தம் மட்டும் வருகிறது. அதனால்தான் கையால் எழுதுகிறேன். நம் பிள்ளை ஹரி படம் பிடித்து அனுப்பிவிடுவான். கோழி கிறுக்கினாற்போல் இருக்கும், சிரிக்காதே. சிரிப்பதற்கும் டாக்டர் தடை போட்டிருக்கிறாரோ என்னவோ.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். வியாழக்கிழமை கிளம்பி வருகிறாயாம், இனிமேல் பாட்டே வேண்டாமாம். வெள்ளிக்கிழமைதானே டாக்டர் உன்னை முதல்முதலாகப் பாடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்? அதற்கு முந்தின நாளே என்ன ஓட்டம்? இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னதுண்டா?

இங்கே நல்ல மழை. கடையில் ஈ, காக்கை இல்லை. உன் பாட்டைப் போட்டுவிட்டு ரவிக்கைத் துணி அடுக்கில் சாய்ந்தேன், கண் சொக்கிவிட்டது. கனவில் உஸ்மான் ரோடு முழுக்கத் தண்ணீர். சாக்கடைத் தண்ணீர் இல்லை, அடி தெரிகிற தண்ணீர். அதில் நம் கடைத் துணியெல்லாம் அவிழ்ந்து மெல்ல மிதந்து போகிறது. மயில்கழுத்து, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள். நீ மேம்பாலத்தில் நின்று ஸ்பானிஷில் பாடுகிறாய். பூக்காரியும் ஆட்டோக்காரரும் புரிந்துகொண்டு தலையாட்டுகிறார்கள். எனக்குத்தான் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எவளோ ஓர் அம்மாள் தட்டி எழுப்பி, மேட்சிங் கேட்டு முந்தானையை நீட்டினாள். தூக்கக் கலக்கத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். அப்படியே பொருந்திவிட்டது, போ!

எழுந்தும் கனவு கலையவில்லை. கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தவள்தானே நீ. உன் குழுவில் தாளம் தட்டிய நதீமின் மாமா கப்பலிலிருந்து கொண்டுவந்த கியூபா நாட்டு கேசட் வீட்டுக்குள் வந்தது, அதோடு அந்தக் கல்யாணப் பாட்டெல்லாம் போயிற்று. சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே நாள் முழுக்க அதைக் கேட்டாய். புரியாத வரிகளைத் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாய். குழம்பு தீய்ந்த வாசனையும் லத்தீன் ஜாஸும் எனக்கு ஒன்றாகவேதான் அறிமுகம். அப்புறம் நதீம் தும்பா மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான், சனிக்கிழமைகளில் ஹோட்டலில் பாட ஆரம்பித்தாய்.

அடையாறு கச்சேரியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் அண்ணன் ரகுபதிக்குப் பொன்னாடை போர்த்தாமல் எந்த விழாவும் முடியாது. முதல் பாட்டிலிருந்தே ஜரிகைப் பொன்னாடையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் தயாராக இருந்தார். நடுவில் எல்லா வாத்தியமும் ஒரே அடியில் நின்று ஒரு மூச்சு மௌனமாக இருக்குமே, அந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது என்று மேடையேறிப் போர்த்தியேவிட்டார். அவர் கும்பிடு போடுவதற்குள் தும்பாவும் ட்ரம்பெட்டும் திரும்ப வெடித்தன. மனுஷர் நடுங்கிப் போனார். நான் நாற்காலிக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். நீ அசரவில்லை. வரிகளை அங்கேயே கட்டிப் பாட வேண்டிய இடம் அது. பொன்னாடையோடு ஆடிக்கொண்டே, ‘ரகுபதி, ரகுபதி’ என்று அவர் பெயரையே எடுத்தாய். கோஷ்டியும் திருப்பிப் பாடியது. அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்த மெக்ஸிகோ இசைக்குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். இந்த இடத்தில் பயப்படாதவள் எங்கேயும் பாடுவாள் என்று சொல்லி, தன் குழுவில் பாட அங்கேயே உன்னைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு இன்றைக்கும் தன்னால்தான் நீ வெளிநாடு போனாய் என்ற மிதப்பு. வாஸ்தவம்தானே?

அப்படிப்பட்டவளா இப்போது பயப்படுகிறாய்?

உண்மையைச் சொல்கிறேன், நீ வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வருஷத்தில் பாதி நாள் நான் கடையைத் திறக்கும்போது நீ அங்கே படுக்கப் போகிறாய். இது ஒரு குடித்தனமா? நேற்றே மெத்தையை வெயிலில் போட்டேன், உனக்குப் பிடிக்குமே என்று சீம்பாலுக்குச் சொல்லி வைத்தேன். நதீம் கடைக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், “அக்கா வந்தா சோக்காத்தான் கீது நைனா. ஆனா பயந்துகினு வர்றது நல்லால்ல” என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இசக்கியம்மாள் மதினியிடம் சொன்னேன். ரகுபதி அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள். “வாரவ பாடிட்டு வரட்டும், இல்ல அழுதுட்டு வரட்டும். ரெண்டுமில்லாம வந்து மூலையில உக்காந்தா அவகிட்ட யாரு பேச?” என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

குரல் போயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னாரா? இல்லையே. நீயாகத்தானே சொல்கிறாய். போய்விட்டால் போகட்டும், தங்கம். நான் விமான நிலைய வாசலில் நிற்பேன், உன்னைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வந்தால், பாட்டுக் கேட்கிற இடமெல்லாம் நீ எழுந்து போவாய். அதை என்னால் பார்க்க முடியாது. டிக்கெட்டைத் தள்ளிப் போடு. வெள்ளிக்கிழமை அந்த அறையில் வாயைத் திற. தகரம் மாதிரி வந்தாலும் வரட்டும்.

குரல் வந்துவிட்டால் அடுத்த கச்சேரி, அதற்கடுத்த கச்சேரி என்று நீ இப்போதைக்கு ஊர்ப்பக்கம் வர மாட்டாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்று காலை மயிலாப்பூர் போய்க் கற்பகாம்பாள் சந்நிதியில் அர்ச்சனை செய்தேன். உன் குரலுக்காக உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். குருக்கள் என் பெயரையும் கேட்டார். எனக்கு வேண்டாம் சாமி, என் பெயரையும் சொன்னால் அம்பாள் எதைக் கொடுப்பது என்று குழம்பிப்போவாள் என்று சொல்லிவிட்டேன்.

பாடு, தங்கம்.

உன் நினைவாகவே இருக்கும்,
வெள்ளைத்துரை