ஆடி மாதத்தில் மசூரி

அண்ணே,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளித் துணிகளை வெயிலில் போட்டேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. அடியில் உங்கள் மங்கி குல்லா கிடந்தது. தில்லியை விட்டுப் போகும்போது, "தென்காசியில இத மாட்டிக்கிட்டு நடந்தா நாய் துரத்தும்டே, நீ வச்சுக்கோ" என்று நீங்களே என் தலையில் மாட்டிவிட்ட குல்லா. அதைக் கையில் எடுத்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த நானேதான் எழுதுகிறேன். ஆர்.கே.புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். தில்லியில் பிறந்த பிள்ளைகள், வாயைத் திறந்தால் இந்திதான் வருகிறது. பேரனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருந்தவன், நாமும் உட்கார்ந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஒருநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பேரன் இப்போது கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். நான் விடவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் எழுதியதைத் திரும்ப வாசித்தால் நான் நினைத்தது அப்படியே அங்கே இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

நாம் இருவரும் அரசாங்க நர்சரியில் வேலை பார்த்தோம். நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் மாலி, நீங்கள் ஸ்டோர் பாபு. மத்தியானம் நாவல் மரத்தடியில் உங்கள் டப்பாவும் என் டப்பாவும் ஒன்றாகத் திறக்கும். திறந்த கையோடு மசூரிப் பேச்சும் ஆரம்பமாகும். பனிமலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதுவும் ரிட்டயர் ஆவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது உங்கள் ஆசை. பேசிப் பேசி அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மலை. தூரம் அவ்வளவுதான். ஆனால் லீவு கிடைத்தால் தில்லியில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரே பக்கம்தான் தெரியும். தெற்கே போகிற ரயில். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்று ஏதாவது ஒன்று அங்கிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே உங்களுடைய சர்வீஸ் முழுவதும் போயிற்று.

ஒவ்வொரு பருவத்துக்கும் நம்மிடம் ஒரு திட்டம் இருந்தது. சித்திரையில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டும்போது, இப்போதே கிளம்பலாமா என்று நான் கேட்பேன். "இப்பப் போனா தில்லிக்காரன் பூராவும் அங்கதான் நிப்பான். மலையப் பாக்க முடியாது, அவன் முதுகத்தான் பாக்கணும்" என்பீர்கள். ஐப்பசியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். கிளம்பலாம் என்று நினைத்த வருஷம் பார்த்து உங்கள் மகளுக்குத் தலை தீபாவளி வந்தது. அடுத்த வருஷம் பேரப் பிள்ளை பிறந்தது. மார்கழியில் போனால் பனி மேலேயே நிற்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நின்னா அங்கயே நிக்க வேண்டியதுதான். கம்பளிய அவுக்காம எப்படிடே குளிக்கது?" என்று கேட்டீர்கள். குளிக்காமல் ஒரு நாள் இருந்தால் என்ன என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோரைக் குடித்தீர்கள். பங்குனியில் ஸ்டோர் சரிபார்க்க ஆள் வந்துவிடும். இப்படியே அடுத்த சித்திரை வந்துவிடும்.

உங்கள் குவார்ட்டர்ஸுக்கு நான் வரும்போதெல்லாம் அண்ணி சிரிப்பார்கள். "வந்துட்டீங்களா தம்பி? நீங்க ரெண்டு பேரும் பேசியே மசூரிக்கு ஒரு ரோடு போட்டுருவீங்க."

ஏஷியாட் விளையாட்டுக்காகத் தில்லி முழுவதும் தோண்டிப் போட்டிருந்தார்களே, அந்த வருஷம் புரட்டாசியில் உங்களுக்கு ரிட்டயர்மெண்ட். ஐப்பசிக்குக் காத்திருக்க வழியில்லை. ஒருநாள் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து தீர்மானமாகச் சொன்னீர்கள்.

"ஆடியில போவோம்டே."

"மழைக்காலமாச்சேண்ணே?"

"மழையில்லாம மலைக்கு என்ன அழகு? சித்திரையில குத்தாலத்துக்குப் போனா பாறைதான் காயும். ஆடியில போய்ப் பாரு. சாரல் மூஞ்சியில அடிக்கும், தண்ணி தலையில விழும். ஊரே அப்பத்தான் போவுது. உனக்கு எங்க தெரியும், நீ பொட்டக் காட்டுக்காரன்."

உண்மைதான். விழுப்புரத்துப் பக்கம் எங்கள் ஊரில் மலை என்றால் ஆடு ஏறும் கரடுதான். குற்றாலத்துக் காற்றில் வளர்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நர்சரியில் சிரிக்காத ஆளில்லை. காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறும்போது கண்டக்டரும், "பர்சாத் மே கோன் ஜாத்தா ஹை, பாபுஜி?" என்றான். மழையில் யார் போவார்கள் என்று அவன் கேட்டதற்கு, நாங்கள் போவோம் என்பதாக நீங்கள் நிமிர்ந்து, "ஹம் ஜாத்தா ஹை" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள்.

உங்கள் பையில் என்ன இருந்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. துண்டு, கோவணம், சீயக்காய்ப் பொட்டலம், ஒரு முழு பாட்டில் நல்லெண்ணெய்.

"என்னாண்ணே இது?"

"அருவிக்கு எண்ணெ தேய்க்காமலாடே போவாக?"

மசூரிக்குப் பக்கத்துக் கெம்ப்டி அருவியில் அன்றைக்கு வேறு யாருமே இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை ஊசி ஊசியாகக் குத்தியது. நீங்கள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, உச்சந்தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தீர்கள். என் முதுகிலும் தேய்த்தீர்கள். நாம் இரண்டு பேரும் பளபளவென்று நிற்க, அந்த மனிதர் கெட்டிலை அடுப்பில் வைப்பதை மறந்துவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து விழுந்தது. முழங்கால் வரை இறங்கினோம். எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீங்கள் ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டு, அப்படியே திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"என்னடே இது, இப்படி வெறைக்கி?"

அப்புறம் ஓட்டம்தான். டீக்கடை அடுப்போரம் எண்ணெய் வடிய உட்கார்ந்திருந்தோம். அவர் டீயில் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். "மதராஸில் எல்லோரும் இப்படித்தானா?" என்று இந்தியில் கேட்டார். "தென்காசிப் பக்கம் மட்டும்தான்" என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ உங்கள் மூக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு மழை நிற்கவே இல்லை. கடைசி நாள் மால் ரோட்டில் ஒரு பெஞ்சில் குடையை விரித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். எதிரே பால் மாதிரி மேகம். ரோட்டு ஓரத்துக் கம்பிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நீங்கள் கண்ணை எடுக்கவில்லை. அறைக்குப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"மலை எங்கடே போயிரும்? மேகம்தான போகணும்" என்றீர்கள்.

மேகம் போகவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நமக்குப் பஸ். இனிப் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் சிறுத்துப் போனதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் விரலை நீட்டி அந்த வெள்ளையைக் காட்டினீர்கள்.

"அந்தா பாரு, பேரருவி. இந்தப் பக்கம் ஐந்தருவி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சத்தம் போடும். கீழ பழக்கடை. ஏய், அங்க பாரு, ஒருத்தன் துண்ட குரங்கு தூக்கிட்டுப் போவுது."

"ஆமாண்ணே. செகப்புத் துண்டு" என்றேன்.

"பச்சைடே. நல்லாப் பாரு."

இருட்டும் வரை எனக்குக் குற்றாலம் முழுவதையும் காட்டினீர்கள். எந்த அருவியில் எப்போது நின்றால் எத்தனை நாழிகை தாங்கும், எந்தப் பாறை வழுக்கும், குளித்துவிட்டு வந்தால் எந்தக் கடையில் இட்லி ஆவி பறக்கும் என்று எல்லாம். நான் அந்த ஊருக்கு இன்று வரை போனதில்லை. ஆனால் போய் வந்தவன் மாதிரி அதைப் பற்றிப் பேசுவேன்.

ஸ்டேஷனில் உங்களை வழியனுப்பும்போது அண்ணி சொன்னார்கள். "பனிமலையப் பாக்காமலே வாராரு. இனி ஊர்ல என் உயிர எடுப்பாரு." நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் சேத்து நீ பாத்துருடே" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அண்ணி போட்ட கார்டு வந்தது. இனி நீங்கள் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். அன்றைக்கு நர்சரியில் நாவல் மரத்தடிக்குப் போகாமல் குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நானும் ரிட்டயர் ஆனேன். போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்தத் தடவை எந்தக் கண்டக்டரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மசூரியில் வெயில் அடித்தது. நேராக அந்தப் பெஞ்சுக்குத்தான் போனேன். உட்கார்ந்து பார்த்தால் எதிரே பச்சைப் பள்ளத்தாக்கு, அதற்குக் கீழே வீடுகள், அதற்கு அப்பால் புகை மாதிரி சமவெளி. வெகு நேரம் தேடியும் பனி ஒரு பொட்டு இல்லை. பக்கத்தில் சோளம் சுட்டு விற்ற அம்மாவிடம் பனி எங்கே என்று கேட்டேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டி இந்தியில் சொன்னார். "பரஃப் உதர் ஹை, சாச்சா. பனி அந்தப் பக்கம். அந்தக் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள். இந்தப் பக்கம் டேராடூன், அதுக்கும் அப்பால் தில்லி. இப்படியே போனால் உங்க மதராஸ்தான் வரும்."

அண்ணே, அன்றைக்கு முழுவதும் நாம் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தோம். மேகம் விலகியிருந்தாலும் அந்தப் பெஞ்சிலிருந்து பனிமலை தெரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த அம்மா எனக்கு ஒரு சோளத்தை இனாமாகக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பிறகு குன்றின் மேல் ஏறினேன். மூச்சு வாங்கியது, நின்று நின்று போனேன். பார்த்தேன், அண்ணே. கஞ்சி போட்டு வெளுத்த வேட்டிகளை வானத்தின் ஓரத்தில் வரிசையாகக் காயப்போட்ட மாதிரி இருந்தது. வெயில் இறங்க இறங்க அதில் அரைத்த சந்தனத்தின் நிறம் வந்தது, அப்புறம் ரோஜா நிறம். சத்தமே இல்லை. நீங்கள் சொன்னபடி உங்களுக்கும் சேர்த்துப் பார்த்தேன். அவசரப்படாமல், நிறம் முழுவதும் போகும் வரை நின்று பார்த்தேன்.

இறங்கி வரும்போதுதான் இன்னொன்று தோன்றியது. அன்றைக்கு மேகத்துக்குள் விரலை நீட்டி நீங்கள் குற்றாலத்தைக் காட்டினீர்களே, அந்தத் திசை சரிதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத போதும் உங்கள் விரல் தவறவில்லை. பனிமலையை நான் ஒரு சாயங்காலம் பார்த்தேன். நீங்கள் காட்டிய மலை இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது.

வரும் ஆடிக்கு என் வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு குற்றாலம் போவதாக இருக்கிறேன். அண்ணியையும் பார்த்துவிட்டு வருவோம். எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று இந்தத் தடவை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.