கத்தும் நாடா

அன்புள்ள மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் போர்வெல்லோடு பேசுகிறேன். தண்ணீர் வற்றியதும் நீ பட்டாபிராமில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். நீர்மட்டம் அளக்கும் வேலையை நம் அடுக்ககச் சங்கம் என் தலையில் கட்டியது. கருவியின் அளவு நாடாவைப் போர்வெல் குழாய்க்குள் இறக்குவேன். நுனி தண்ணீரைத் தொட்டால் கருவி கத்தும்.

மழையே இல்லை. ஆனாலும் தினமும் முந்தின நாளைவிட மேலான மட்டத்திலேயே கத்துகிறது. உன் பெயரைச் சொன்னால் உடனே கத்துகிறது. நீ இல்லாத குறை தெரியவில்லை, போ!

"ஏரியே காஞ்சி கீது அண்ணாத்தே. இங்க ஏறிகினு வர்றது தண்ணிதானா?" என்றாள் கீழ்வீட்டு அனுசுயா. சிரித்து வைத்தேன். அதன்பிறகு குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

மட்டம் ஏறிவிட்டதாகச் சொன்னேன், சங்கம் தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டது. இனி நீ வரலாம்.

ஒன்றுதான். வெளியே இழுத்தால் நாடாவின் நுனி காய்ந்தே இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்