அந்தோனியார் மடத்தைப் பற்றி நான் கதைச்சது

ஜனவரி 12, திங்கள்
வாடைக் காத்து. விட்டுவிட்டுத் தூறல். காயப்போட்ட உடுப்பு ஒண்டும் காயேல்லை.

காலமைப் பூசை முடிய ஃபாதர் மறிச்சார். சனிக்கிழமை வனத்து அந்தோனியார் திருநாளாம். "அக்கா, எகிப்தில அவரின்ர மடத்தை நேரில கண்டது எங்கட பங்கில நீங்கள் ஒராள்தான். பூசைக்குப் பிறகு பத்து நிமிசம் கதையுங்கோ." தலையாட்டிப்போட்டு வந்திட்டன்.

வாசலில ஒரு குரல்: "வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவையோ இப்ப கோயிலில கதைக்கிறது?" ஆரெண்டு திரும்பிப் பார்க்கேல்லை.

மகள் டிலானிக்குச் சொல்லேல்லை. அவளுக்கு எகிப்து எண்ட சொல்லே பிடியாது. தகப்பன் இல்லாத பிள்ளையை ஏழு வயசில தங்கச்சியிட்ட விட்டிட்டுப் போனனான். திரும்பி வரேக்க பதினைஞ்சு. இப்ப 22, கந்தோரில கிளாக் வேலை. ஒரே வீடுதான். சோறு, உடுப்பு, பஸ், இதுகளைத்தான் கதைப்பம்.

ஜன. 13
தேசிக்காய், உப்பு, நூல்கட்டை வாங்க வேணும்.

கதைக்க வேண்டியது:
– நான் வேலை செய்த வீட்டு மேடம் எகிப்தின்ர பழைய கொப்திக் சபைக் கிறிஸ்தவ மனிசி. வருசத்துக்கு ஒருக்கா கெய்ரோவில இருந்து என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மடத்துக்குப் போவா.
– வழி முழுக்க மணலும் மலையும். திடீரெண்டு பெரிய மதில். உள்ளுக்குப் பேரீச்சை, வத்தாத ஊத்து.
– அந்தோனியார் காணியை வித்து ஏழைகளுக்குக் குடுத்துப்போட்டு மலைக்குகையில தனிய இருந்தவர். சீடர் தேடி வந்தவை. மடம் பிறந்தது அப்பிடி. துறவியளுக்கெல்லாம் அவர்தான் தகப்பன் மாதிரி.
– கொள்ளைக்காரருக்குப் பயந்து முந்தி வாசலே வைக்கேல்லை. ஆளையும் சாமானையும் கயித்திலதான் தூக்கி எடுத்தவை.
– ஒருக்கா பாலைவனத்து ஆக்கள் துறவியளைக் கொலை செய்துபோட்டாங்கள். கோயிலுக்குள்ள அடுப்பு மூட்டி, பழைய புத்தகங்களை எரிச்சாங்கள். சுவர்ப் படமெல்லாம் கரி. கனகாலத்துக்குப் பிறகு வேற மடத்துத் துறவியள் வந்து திரும்பத் துவங்கினவை. இப்ப கரி துடைச்சு, சிவப்பும் நீலமும் தெரியுது. என்ன வடிவு!

ஜன. 14
கொப்பியை மேசையில மறந்துபோய் விட்டிட்டன். டிலானி கண்டிட்டாள். கதிரையை இழுத்துப்போட்டு வாசிச்சாள்.

"மதில் எவ்வளவு உயரம்?"
"எங்கட கோயில் முகப்பளவு வரும்."
"கயித்தை ஆர் இழுக்கிறது?"
"துறவியள்தான். உருளையைச் சுத்துவினம்."

அந்த நாட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வியள். ஃபோனில ரைப் பண்ணினாள். நாலு பக்கத்தை ரண்டாக்கினாள். "நீட்டினா சனம் எழும்பிப் போகும்."

ஜன. 15
பொங்கல். பக்கத்து வீட்டில பொங்கின சக்கரைப் புக்கை வந்தது. பின்வளவில நிண்டு ஆட்டுக்கு வாசிச்சுக் காட்டினன். ஆடு எழும்பிப் போகேல்லை.

ஜன. 17
பூசை முடிஞ்சு முன்னுக்குப் போனன், டிலானி முதல் வாங்கில இருந்தாள். பேப்பரைப் பார்க்காமலே கதைச்சன். குகைக்கு ஆயிரத்துக்கு மேல படி. உடம்பைச் சரிச்சுத்தான் நுழையலாம். உள்ளுக்கு ஒண்டும் இல்லை, ஒரு மெழுகுதிரி. அந்த ஒண்டுமில்லாத இடத்தில ஒரு மனிசன் கடவுளோட காலம் முழுக்க இருந்தவர் எண்டு சொன்னன்.

கடைசி வாங்கில இருந்த ஒரு மனிசி: "நீ அங்க என்ன கேட்டனி, பிள்ளை?"

பேப்பரில இல்லாதது. சொல்லிப்போட்டன். அங்க மன்றாட்டுக்குப் பேர் எழுதிக் குடுக்கலாம். நான் தமிழில டிலானி எண்டு எழுதினன். கிழத்துறவிக்கு வாசிக்கத் தெரியேல்லை. துண்டை நெத்தியில வைச்சு, பீடத்துக்குக் கொண்டுபோனார். எட்டு வருசமும் அந்த ஒரு பேர்தான் எழுதினனான்.

நிமிர்ந்து பார்த்தன். டிலானி இருந்த இடம் வெறுமை.

ஜன. 18
மழை. டிலானி ரண்டு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். இருக்கேல்லை, நிண்டபடியே சொன்னாள்.

"ஒன்பது வயசில நான் மடு மாதா கோயிலுக்கு நடந்தனான். மடு றோட்டுச் சந்தியில இருந்து, சித்தியோட."
"ஏன்?"
"நீங்கள் வரவேணுமெண்டு."
"செருப்போடதானே?"
"இல்லை. திரும்பி வரேக்க நீங்கள் வீட்டில நிப்பீங்கள் எண்டு நினைச்சு, பஸ்ஸில நித்திரையே கொள்ளேல்லை."

தங்கச்சி இதை எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை. அவளின்ர காலைப் பார்த்தன். இப்ப என்ர காலை விடப் பெரிசு.